தறியா ஊசியா

எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். எங்களுடையது நான்கு தறி. சமையல்கட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் அந்தச் சுவர் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டுமென்றால்கூடத் தொண்டையைத் திறந்துதான் கேட்க வேண்டும். கத்த அலுப்பாக இருந்தால் வாயை மட்டும் அசைப்போம்; எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். உதட்டைப் படிப்பது ஒரு வித்தை என்றே எனக்குத் தெரியாது. எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அதனால்தான் என் காது மங்கிக்கொண்டு வந்ததை நானும் கவனிக்கவில்லை, வீட்டிலும் யாரும் கவனிக்கவில்லை.

எனக்குத் தலசீமியா. கைக்குழந்தையாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். என் உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே செய்துகொள்ளாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரயில் ஏறித் திருப்பதிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருவேன். அப்படி ஏற்றுகிற ரத்தத்தோடு இரும்பும் வருகிறது. அது தானாக வெளியே போகாது. ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படியும். அதை வெளியேற்ற ஒரு மருந்து உண்டு. வயிற்றுத் தோலுக்கு அடியில் சின்ன ஊசியைக் குத்தி, இடுப்பில் கட்டிய ஒரு பம்ப் வழியாக, தூங்கும் நேரம் முழுக்க மெதுவாக ஏற்ற வேண்டும். வாரத்தில் ஞாயிறு ஒன்றைத் தவிர எல்லா நாளும்.

வீட்டில் அதற்கு இரும்பு ஊசி என்று பெயர். வெளியில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், "முருங்கக்கீர நெறைய துன்னும்மா, பேரீச்சம்பழம் துன்னு" என்பார்கள். இரும்பு குறைந்ததற்கு இல்லை, கூடிப்போனதற்கு என்று விளக்குவேன். தலையாட்டிவிட்டு, அடுத்த வாரம் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்து நிற்பார்கள். அம்மா மறுபேச்சில்லாமல் வாங்கி, தறி ஓட்ட வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவாள்.

ஊசி குத்துவது நைனாதான். அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன். நான் குழந்தையாக இருந்தபோது ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டார். அம்மாவுக்குக் கை நடுங்கும். நைனாவுடையது அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடும் கை, நடுங்காது. நான் பெரியவளான பிறகு நானே குத்திக்கொள்ளப் பழகினேன். ஆனாலும் மருந்தைக் கலக்கி, குமிழி போகத் தட்டி, பம்பில் பொருத்தித் தருவது அவர் வேலையாகவே இருந்தது. நான் வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

டிகிரி முடித்ததும் நகரியிலேயே ஒரு தனியார் பள்ளியில் யூகேஜி மிஸ்ஸாகச் சேர்ந்தேன். தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பு. நானும் கலந்தே பேசுவேன். ரத்தம் ஏற்றும் நாளுக்கு மட்டும் லீவு. அதைப் பிரின்சிபால் மேடம் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை.

நான்காம் வருஷமோ என்னவோ, பிள்ளைகள் மென்று விழுங்கிப் பேசுவதுபோல எனக்குப் படத் தொடங்கியது. "வாயத் தெறந்து சொல்லு, செப்பு செப்பு" என்று அதட்டுவேன். பையன்கள் சொல்வது பரவாயில்லை. கீச்சுக் குரல் பிள்ளைகள் சொல்வது பாதிக்குப் பாதி புரியவில்லை. இந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சரியாகப் பேச வரவில்லை என்று அம்மாவிடம் குறைகூடச் சொன்னேன்.

ஒருநாள் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் இரண்டாவது வரிசையில் ஒரு பெண் குழந்தை அழுதுகொண்டு நிற்கிறாள். பாவாடை நனைந்திருக்கிறது, தரையெல்லாம் ஈரம். பக்கத்துக் குழந்தைகள், "மிஸ், அவ கேட்டுக்கினே இருந்தா மிஸ், நீங்க போன்னு சொல்லவேயில்ல" என்றார்கள்.

அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. அவளைக் கழுவி, ஆயாம்மாவிடம் மாற்றுத் துணி வாங்கிப் போட்டுவிட்டேன். சாயங்காலம் அவள் அம்மா வந்து சண்டை போட்டாள். "கொழந்த கேட்டா அனுப்ப மாட்டீங்களா? அப்பிடி இன்னா ஸ்ட்ரிக்ட்டு உங்களுக்கு?" என்றாள். என் காதில் விழவில்லை என்று சொன்னேன். "பக்கத்துலயே நின்னுக்கினு கேட்டிருக்கா, கேக்கலையாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். நான் பொய் சொல்கிறேன் என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. எனக்கே என் பேச்சில் நம்பிக்கை வரவில்லை.

அந்த வாரத்திலேயே இன்னொன்று நடந்தது. காலையில் வெயில் ஈட்டி ஈட்டியாக விழுந்த பிறகும் நான் படுத்திருந்தேன். அம்மா சமையல்கட்டிலிருந்து வந்து என் தோளைத் தட்டினாள்.

"மிஷினு அப்பத்திலேர்ந்து கத்திக்கினு கீது. எழுந்து ஆஃப் பண்ண மாட்டியா?"

மருந்து தீர்ந்ததும் பம்ப் விட்டுவிட்டுக் கூவும். கையில் எடுத்துப் பார்த்தேன். சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. காதோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

"இப்ப கூவுதா?" என்று கேட்டேன்.

"இன்னா கேக்கற? காதுல வெச்சிக்கினே கேக்கற" என்று சிரித்த அம்மா, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

நைனா அன்றைக்கே என்னைப் புத்தூருக்கு ஒரு காது டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை, சீழ் இல்லை, ஜவ்வு நன்றாக இருக்கிறது என்றார். வீட்டில் என்ன தொழில் என்று கேட்டார். நைனா சொன்னார்.

"அப்ப அதான். பிறந்ததிலேர்ந்து தறி சத்தத்துல வளர்ந்த பொண்ணு. நரம்பு தேஞ்சிருக்கும். இனிமேலாவது சத்தத்துக்குத் தள்ளி வெச்சிருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நைனா தறிக்கூடத்துக்குப் போய் நான்கு தறியையும் நிறுத்தினார். வேலை நேரத்தில் சுவர் அதிராமல் இருந்தது எனக்கு விநோதமாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து நான் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் மட்டும் தறி ஓடியது. நான் தெருமுனையில் திரும்பும்போதே யாராவது ஓடிப்போய்ச் சொல்லி நிறுத்துவார்கள். தறிகளை மாற்ற நைனா ஊருக்கு வெளியே வாடகைக்கு ஒரு ஷெட் பார்க்கத் தொடங்கினார். அம்மாவிடம், "நாலு தறிக்கும் சொவரு ஒண்ணு போட்டா போதும்னு நெனச்சேன் பாரு, என்ன செருப்பால அடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தறி நின்றிருந்தும் பழக்கத்தில் உரக்கத்தான் சொன்னார். அதனால் எனக்கே கேட்டது.

அடுத்த முறை ரத்தம் ஏற்றப் போனபோது நர்ஸ் மாஸ்க் போட்டுக்கொண்டு ஏதோ கேட்டாள். நான் "ஆமா" என்றேன். மறுபடி கேட்டாள். மறுபடி "ஆமா" என்றேன். அவள் மாஸ்க்கை இறக்கிவிட்டு, "ராத்திரி காய்ச்சல் இருந்துச்சான்னு கேக்கறேன், எந்தக் கையில ஊசி போடட்டும்னு கேக்கறேன், ரெண்டுத்துக்கும் ஆமான்னா எப்படி?" என்றாள். பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ரத்த டாக்டர் திரும்பினார். சித்தூர்ப் பக்கத்து அம்மா. தமிழும் தெலுங்கும் பேசுவார்.

"எப்பலேர்ந்து காது கேக்கல?" என்று நேராகக் கேட்டார்.

நான் சொல்வதற்குள் நைனா முந்திக்கொண்டு தறியைப் பற்றிச் சொன்னார். டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டே என் பழைய தாள்களைப் புரட்டினார். இரும்பு அளவு எழுதிய பக்கத்தில் நிறுத்தினார். அது கடந்த இரண்டு வருஷத்தில் நன்றாக இறங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் வெரி குட் சொல்லிப் பாராட்டிய அளவுதான். ஆனால் மருந்தின் அளவு, இரும்பு கூடுதலாக இருந்த காலத்தில் எழுதியபடியே இருந்தது.

"காது டெஸ்ட் கடைசியா எப்ப எடுத்தீங்க?"

சின்ன வயதில் கண்ணுக்கும் காதுக்கும் வருஷா வருஷம் எடுப்பார்கள். பிறகு விட்டுப்போயிற்று. காதுப் பிரிவு வேறு கட்டடத்தில் இருந்தது. ரத்தம் ஏற்றவே ஒரு பகல் முழுதும் ஆகிவிடும். முடிந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடுவோம். யாரும் வற்புறுத்தவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"இந்த மருந்தே சில பேருக்குக் காதைப் பாதிக்கும்மா. அதுவும் இரும்பு குறைஞ்ச பிறகும் மருந்து அதே அளவுல போனா வாய்ப்பு அதிகம். அதுவான்னு தெரியல. டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்றார்.

நைனா என்னைப் பார்த்தார். நான் என் கையில் சொட்டிக்கொண்டிருந்த ரத்தத்தைப் பார்த்தேன்.

காது டெஸ்ட் எடுத்தது என் வயதுப் பெண். பஞ்சு ஒட்டிய சுவருள்ள ஒரு சின்ன அறையில் என்னை உட்காரவைத்து, தலையில் ஹெட்போன் மாட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாள். முதலில் தடித்த சத்தங்கள், லாரி ஹாரன் தூரத்தில் கேட்பதுபோல. கை தூக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தன. அப்புறம் ஒன்றும் வரவில்லை. டெஸ்ட் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தால், அவள் பட்டனை அழுத்திக்கொண்டேதான் இருந்தாள். ஒலிபெருக்கியில் "வினிபிஸ்துந்தா அம்மா?" என்று கேட்டாள். கேட்கிறதா என்று. இல்லை என்று தலையாட்டினேன். இன்னும் எதையோ திருகிவிட்டு மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். அந்த அறையில்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. கேட்காமல் போன சத்தங்கள் அத்தனையும் அங்கே என்னைச் சுற்றி ஒலித்துக்கொண்டிருக்கின்றன, எனக்குத்தான் அது தெரியவில்லை.

அவள் தந்த தாளில் கோடு இடது பக்கம் மேலே கிளம்பி, வலது பக்கம் போகப் போகச் சரிந்து கீழே போயிருந்தது. வலது பக்கம் கீச்சு சத்தங்கள் என்று விளக்கினாள். பறவை, விசில், குழந்தைகளின் குரல், ஸ, ச போன்ற எழுத்துகள்.

"தறி சத்தத்தால வந்ததா, மருந்தால வந்ததா, இத்த வெச்சி சொல்ல முடியுமாம்மா?" என்று நைனா கேட்டார். அவள் அதற்குப் பதில் சொல்லாமல், "நீங்க எத்தன வருஷமா தறி ஓட்டறீங்க?" என்றாள்.

"பதினஞ்சு வயசுலேர்ந்து."

"உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கலாமா?"

"எனக்கா? எனக்கு நல்லாத்தான கேக்குது" என்று கத்திச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். கடைசியில் நைனா உள்ளே போய் உட்கார்ந்தார். ஹெட்போனோடு அவர் முகம் பரீட்சை எழுதுகிறவர்போல இறுகியிருந்தது. கேட்காத சத்தத்துக்கெல்லாம் அவசரமாகக் கை தூக்கினார்.

இரண்டு தாளையும் ரத்த டாக்டர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நைனாவுடைய கோடு ஓரிடத்தில் குழிபோல இறங்கி, அதற்கு அப்பால் கொஞ்சம் ஏறியிருந்தது. இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு அப்படித்தான் வருமாம். என்னுடையதில் குழி இல்லை, கடைசிவரை சரிவுதான்.

"ரெண்டும் ஒரே மாதிரி இல்ல. அதனால மருந்தா இருக்கலாம்னுதான் நான் நெனைக்கிறேன். தறி சத்தமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். உறுதியா இதுதான்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

நைனாவின் முகத்தில் ஒரு நொடி நிம்மதி வந்ததைப் பார்த்தேன். தறி இல்லை என்ற நிம்மதி. அடுத்த நொடியே அது போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டு, "தறியும் நான் போட்டதுதான். ஊசியும் நான் குத்துனதுதான். எதுவா இருந்தா இன்னா மேடம்" என்றார்.

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"அப்ப அந்த ஊசி வேணாம். இன்னிக்கே நிறுத்திடறோம்" என்றார் நைனா.

"இந்த ஊசியத்தான் நிறுத்தப் போறேன். இரும்ப எடுக்கறத நிறுத்த முடியாது. நிறுத்தினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்" என்றார் டாக்டர்.

தெரியும். எங்கள் வார்டில் நாயுடுபேட்டையிலிருந்து ஒரு அக்கா வருவாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள். நன்றாகப் பின்னல் போட்டுவிடுவாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரத்தம் ஏறும்வரை அவள் கட்டிலருகே என்னை உட்காரவைத்துப் பின்னிக்கொண்டிருப்பாள். கல்யாணம் ஆன பிறகு, மாமியார் வீட்டில் வயிற்றில் ஊசியோடு படுக்கக் கூச்சமாக இருக்கிறது என்று ஊசியை விட்டுவிட்டாள். ரத்தம் மட்டும் ஏற்றிக்கொண்டாள். பார்க்கத் தெம்பாகத்தான் இருந்தாள். இரண்டு வருஷத்தில் இதயம் நின்றுபோயிற்று. நைனாவும் நானும் சாவுக்குப் போயிருந்தோம்.

டாக்டர் ஊசி மருந்தைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தார். பிறகு அதற்குப் பதில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரை கொடுத்தார். அதிலும் அரிதாகக் காது பாதிக்கலாம் என்றும் அப்போதே சொல்லிவிட்டார். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காது டெஸ்ட், கூடவே கிட்னிக்கும் ஈரலுக்கும் ரத்த டெஸ்ட் என்று எழுதினார். போன காது திரும்புமா என்று கேட்டேன். சிலருக்குக் கொஞ்சம் திரும்பும், பலருக்குத் திரும்பாது, மேலும் போகாமல் நின்றாலே நல்லது என்றார்.

மாத்திரை சுண்ணாம்பைக் கரைத்துக் குடிப்பதுபோல இருக்கும். முதல் பத்து நாள் வயிற்றைக் கலக்கியது. ஆனால் இடுப்பில் பம்ப் இல்லாமல் குப்புறப் படுத்துத் தூங்கினேன். நினைவு தெரிந்து அப்படித் தூங்கியதே இல்லை. மருந்து கலக்கும் வேலை போன பிறகு நைனாவுக்கு அந்த நேரத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்து சானலை மாற்றிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நாளில் காலையில் மாத்திரை கரைக்கும் தம்ளரை அவரே எடுத்துக்கொண்டார். அவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டேன்.

முதல் மூன்று மாத டெஸ்ட்டில் இடது காதில் ஒரு புள்ளி சற்றே மேலே வந்திருந்தது. மற்றதெல்லாம் அப்படியே. அடுத்த டெஸ்ட்டிலும் அப்படியே. மேலும் போவது நின்றுவிட்டது என்றார் டாக்டர். போன காது திரும்பி வரவும் இல்லை.

அதன்பிறகுதான் காது மிஷின் வாங்க ஒப்புக்கொண்டேன். அதுவரை முடி கலைந்தால் வெளியே தெரியுமே என்ற யோசனை. இரண்டு காதுக்கும் மாட்டிவிட்டு டெஸ்ட் எடுத்த அதே பெண், "இப்ப பேசுங்க" என்றாள். என் குரலே எனக்கு யாரோ குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டது. ரயிலில் வரும்போது எதிர் சீட்டில் ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்கினார். தலைக்குள் யாரோ தகரத்தைக் கிழிப்பதுபோல இருந்தது. ரேணிகுண்டா வருவதற்குள் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். வீட்டில் தறி பக்கம் அதைப் போட்டுக்கொண்டு போகவே முடியவில்லை. தினமும் கொஞ்ச நேரம் என்று பழக இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

பிரின்சிபால் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீஸ் வேலைக்கு மாற்றித் தருகிறேன், பெரிய வகுப்புக்கு வேண்டுமானாலும் போகலாம் என்றார். இரண்டு நாள் யோசித்தேன். பெரிய வகுப்புப் பிள்ளைகளின் குரல் தடித்தது. எனக்கு அதுதான் சுலபம். ஆனாலும் யூகேஜியிலேயே இருக்கிறேன் என்றேன். பெஞ்சுகளை அரைவட்டமாகப் போட்டுக்கொண்டேன். கரும்பலகையில் எழுதும்போது யாருக்காவது ஏதாவது வேண்டுமென்றால் கத்தக் கூடாது, வந்து என் புடவையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர்களுக்கு அது விளையாட்டாகப் போயிற்று. முந்தானையைப் பின் குத்திக்கொண்டு வராவிட்டால் ஆபத்து.

சண்டை போட்ட அந்த அம்மாவைத் தேடிப் போய் நானே சொன்னேன். காதில் இருந்த மிஷினைக் காட்டினேன். அவள் என் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மின்னாடியே சொல்லியிருக்கலாமில்ல மிஸ்" என்றாள். "மின்னாடி எனக்கே தெரியாதும்மா" என்றேன்.

நைனாவுக்கும் மிஷின் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவர் வாங்கவில்லை. தறி முன்னால் நிற்கிறவனுக்கு எதற்கு என்கிறார். தறி ஓட்ட வருகிறவர்கள் எல்லோருக்கும் காதில் வைக்க ரப்பர் அடைப்பான் மட்டும் வாங்கிவந்தார். அதையும் பாதிப் பேர்தான் வைக்கிறார்கள். ஊருக்கு வெளியே ஷெட் பேச்சு நின்றுபோயிற்று. தறி பழைய இடத்திலேயே, நான் இருக்கும்போதும் ஓடுகிறது. பாதி நேரம் தறி நின்றால் பிழைப்பு எப்படி நடக்கும் என்று நானே ஓட்டச் சொன்னேன்.

போன மாதம் வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் குழந்தை. குடுபல்லியிலிருந்து அத்தனை தூரம் பஸ்ஸில் வந்திருந்தார்கள். ஐந்து வயதிருக்கும். அதன் அம்மா என் காதைக் காட்டி என்னவென்று கேட்டாள். சொன்னேன். மருந்தால் இருக்கலாம் என்றதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அவர்களும் அதே ஊசிதான்.

"அப்ப நாங்க நிறுத்திடட்டுமா அக்கா?"

"ஐயோ, நிறுத்தாத" என்றேன். பக்கத்து நர்ஸ் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்கச் சொல்லிவிட்டேன். "எல்லாருக்கும் இப்பிடி வராது. ஊசிய விட்டா உயிருக்கே ஆபத்து. வருஷத்துக்கு ஒருவாட்டி காது டெஸ்ட் எடுக்கணும்னு டாக்டர்கிட்ட கேளு. இரும்பு கொறஞ்சா மருந்தையும் கொறைக்கணுமான்னு கேளு. அத்த மட்டும் விடாத கேட்டுக்கினே இரு."

"நாங்க எப்பிடிக்கா கேக்கறது? கோவிச்சிக்க மாட்டாங்களா?"

"கோவிச்சிக்க மாட்டாங்க. வா, நான் வரேன்" என்று சொல்லிவிட்டேன். ஆனால் கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டே அவளோடு டாக்டர் மேசைவரை போனேன். டாக்டர் என்னைப் பார்த்து, "நீ கட்டில்ல போய் படும்மா" என்றார். அவளை உட்காரவைத்துப் பேசினார். குழந்தைக்கு அன்றைக்கே டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்து, எல்லாம் சரியாகக் கேட்கிறதாம் என்றார்கள். குழந்தைக்கு அந்தப் பஞ்சுச் சுவர் அறை பிடித்துப்போயிருந்தது. இன்னொரு தடவை போகலாம் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. அது சொன்னதில் எனக்குப் பாதிதான் கேட்டது. மிச்சத்தை அதன் அம்மா எனக்குச் சொன்னாள்.